உள்ளூர்ச் சபைக்கு ஊழியர்களைப் பயிற்றுவித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதகர், ஆயர், குருவானவர், பாஸ்டர், திருத்தொண்டர் என்று சபைக்குச் சபை பெயர் மாறும். இங்கே எல்லோரையும் சேர்த்து 'ஊழியர்' என்றே எழுதியிருக்கிறோம். பயிற்சியில் இருப்பவர் 'பயிற்சி ஊழியர்'. பயிற்சி தொடங்க நினைக்கும் சபைக் கமிட்டியினரும், சேர விரும்புகிறவர்களும், மேற்பார்வைக்குச் சம்மதித்துவிட்டு இனி என்ன செய்வது என்று யோசிக்கும் மூத்த ஊழியர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை.

இறையியல் பட்டம் வாங்கியவருக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?

பட்டப்படிப்பு வேதாகமத்தையும் சபை வரலாற்றையும் கோட்பாட்டையும் கற்றுத்தரும். துக்க வீட்டில் முதல் பத்து நிமிடம் பேசாமல் உட்காரக் கற்றுத்தராது. அதை வகுப்பில் சொல்லலாம், தேர்வில் எழுதவும் வைக்கலாம். உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

அதற்காகப் படிப்பைத் தள்ளிவிட முடியாது. களத்தில் மட்டுமே பழகியவரிடம் வேறு கோளாறு உண்டு: முதல் ஆண்டில் தப்பாகப் பழகியது பத்தாம் ஆண்டில் 'எங்கள் சபை வழக்கம்' ஆகிவிடும். படிப்பும் வேலையும் இருந்தும் பல பயிற்சிகள் தோற்பதற்குக் காரணம், செய்த வேலையை ஒருவரோடு உட்கார்ந்து திரும்பிப் பார்க்க நேரம் ஒதுக்காததுதான். பாடநூல் கிடைக்கும், பாடம் நடத்த ஆளும் கிடைக்கும். வாரம் அரை மணி நேரம் கேள்வி கேட்க உட்காரும் மூத்தவர்தான் கிடைப்பதில்லை. திட்டம் போடும்போது முதலில் அவரைத் தேடுங்கள்.

ஒருவர் 'எனக்கு அழைப்பு இருக்கிறது' என்றால் போதுமா? யாரைத் தேர்ந்தெடுப்பது?

உள்ளத்தில் தோன்றும் அழைப்பை அவர்தான் சொல்ல முடியும். அதைச் சோதித்துப் பார்ப்பது சபையின் வேலை. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணியிடம், அதாவது சபையை மேற்பார்ப்பவரிடம், எதிர்பார்க்கப்படுகிறவற்றைக் கவனியுங்கள். போதிக்கும் திறமை ஒரே ஒரு சொல்லில் வருகிறது. மற்றவை பெரும்பாலும் குணம்: நிதானம், உபசரிப்பு, சண்டை போடாமை, பண ஆசையின்மை, வீட்டை நடத்தும் விதம். ஏழாம் வசனம் இன்னொன்றைச் சேர்க்கிறது: சபைக்கு வெளியே இருப்பவர்களிடம் நல்ல பெயர்.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பெரும்பாலான தேர்வுக் குழுக்கள் விட்டுவிடுகின்றன. ஒரு வேலையாகவே செய்யலாம். விண்ணப்பிப்பவரின் சபையில் இருவர், வேலை செய்யும் இடத்தில் ஒருவர், சபையைச் சேராத அக்கம்பக்கத்தார் ஒருவர், குடும்பத்தில் ஒருவர் என ஐந்து பேரிடம் பேசுங்கள். 'நல்லவரா?' என்று கேட்டால் 'நல்லவர்தான்' என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: 'அவர் சொன்ன கருத்தை யாராவது மறுத்தால் என்ன செய்வார்?' 'கடைசியாக எப்போது மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தீர்கள்?' 'கடன் வாங்கினால் திருப்பித் தருவாரா?' கேள்விகள் சங்கடமானவைதான். பின்னால் வரும் சங்கடம் இதைவிடப் பெரியது.

இன்னொன்று: குறைந்தது ஆறு மாதமாவது மேடை இல்லாத வேலை ஏதேனும் செய்திருக்க வேண்டும். நாற்காலி அடுக்குவது, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, ஞாயிறு பள்ளிக்குத் துணையாக நிற்பது. மைக் கிடைத்தால்தான் வருவேன் என்பவரை இங்கேயே கண்டுகொள்ளலாம்.

விடுதியில் தங்கிப் படிப்பது நல்லதா, ஊரிலிருந்தே படிப்பதா?

இரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருத்துவ மாணவர்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று விதித்தது. அப்படித்தான் 'செமினரி' பரவியது. இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்: நாற்றங்காலில் எல்லா நாற்றும் பச்சையாகத்தான் இருக்கும், பிடுங்கி நட்ட பிறகுதான் எது வேர்பிடிக்கிறது என்று தெரியும்.

1963-இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் செமினரி வேறு வழியில் போனது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் படிக்க வந்தவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. ஏற்கெனவே கிராமச் சபைகளை நடத்திக்கொண்டிருந்த மூத்தவர்களோ குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் படிக்க வர முடியவில்லை. எனவே ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் ஆசிரியர்களை மாணவர்களிடம் அனுப்பினார்கள். வீட்டில் தானே படிக்கும் பாடநூல், வாரம் ஒருமுறை பக்கத்து மையத்தில் கூட்டம், நடுவில் சபை வேலை. 'விரிவாக்க இறையியல் கல்வி' என்று பல நாடுகளில் பரவியது இதுதான். அந்த வட்டாரத்தில் ரயில் பாதையை உவமையாகச் சொல்வார்கள்: படிப்பு ஒரு தண்டவாளம், களவேலை இன்னொன்று, வாராந்தரக் கூட்டம் இரண்டையும் பிடித்து நிறுத்தும் குறுக்குக் கட்டை.

உங்களிடம் வருபவர் யார் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். திருமணமாகாத இருபது வயதுக்காரருக்கும், மூல மொழிகளும் நூலகமும் தேவைப்படுகிறவருக்கும் விடுதி நல்லது. நாற்பது வயதில், வேலையும் பிள்ளைகளும் உள்ளவர், ஏற்கெனவே ஊரில் மதிக்கப்படுகிறவர் என்றால் அவரை ஊரைவிட்டுக் கிளப்புவது உள்ளதையும் கெடுப்பதாகும். இக்கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையினரைப் பற்றியே வருவதால், கீழே வரும் விவரங்களும் ஊரிலிருந்தபடி படிக்கும் முறைக்கானவை.

எவ்வளவு காலம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

முழுநேரப் பயிற்சியின் நீளத்தை அந்தந்தச் சபையின் சட்டம் தீர்மானிக்கும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (விதி 250) குருவுக்குக் குறைந்தது ஆறு ஆண்டு கேட்கிறது, இரண்டு ஆண்டு தத்துவம், நான்கு ஆண்டு இறையியல். மற்றச் சபைகளில் ஆண்டுக்கணக்கு மாறும்.

பகுதிநேர உள்ளூர்ப் பயிற்சிக்கு நாங்கள் பரிந்துரைக்கும் அளவு இது. வாரத்துக்குத் தனிப்படிப்பு 5 மணி, குழுக் கூட்டம் இரண்டரை மணி, களவேலை 3 மணி, மேற்பார்வையாளரோடு தனியாக அரை மணி. மொத்தம் 11 மணி. ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் 440 மணி, இரண்டு ஆண்டுக்கு 880. மீதி 12 வாரங்களைத் திருவிழாக் காலங்களுக்கும் குடும்பத்துக்கும் விட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ், தபசுகாலத்தின் கடைசி வாரம், ஈஸ்டர் என்ற நாட்களில் எந்த ஊழியரும் பாடம் படிக்கமாட்டார்.

வாரத்துக்கு 15 மணிக்கு மேல் கேட்டால் முதலில் தியாகமாவது தூக்கம், பிறகு வீடு. மனைவியோ கணவரோ 'இந்தப் படிப்பு எப்போது முடியும்?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கப்போகிறது என்று பொருள். சேர்க்கும் முன்பே வாழ்க்கைத் துணையையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

குழுவுக்கு 6 முதல் 10 பேர். ஐந்துக்குக் குறைந்தால் இருவர் வராத நாளில் கூட்டமே இல்லை. பன்னிரண்டைத் தாண்டினால் வாய்திறக்காமலே இரண்டு ஆண்டை ஓட்டிவிட இருவருக்கு முடியும்.

பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஊரிலிருந்து. முதல் ஆறு வாரம் புத்தகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, பயிற்சி ஊழியர் தான் சேவை செய்யப்போகும் வட்டாரத்தைப் படிக்கட்டும்.

முதல் வாரம் நடை. ஒரே பாதையில் மூன்று வேளை நடக்க வேண்டும்: விடியற்காலை, நண்பகல், இரவு எட்டு மணிக்கு மேல். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களும், பகலில் தனியாக இருக்கும் முதியவர்களும், இரவில் தெருவில் நிற்கும் இளைஞர்களும் வெவ்வேறு ஊர்கள் போலத் தெரிவார்கள். அடுத்த இரண்டு வாரம் 15 பேரோடு பேச்சு. அவர்களில் குறைந்தது 10 பேர் சபைக்கு வெளியே இருப்பவர்களாக இருக்க வேண்டும். பிற மதத்தினர், ஆசிரியர், செவிலியர், துப்புரவுத் தொழிலாளர், கடைக்காரர். கேள்வி இரண்டே: 'இங்கே யாருக்கு ரொம்பக் கஷ்டம்?' 'கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் போவார்கள்?' இரண்டாவது கேள்விக்கு எத்தனை பேர் சபையைச் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூச்சியம் என்றால் அதுவும் பாடம்தான்.

நான்காம் வாரம் ஒரு பட்டியல்: பக்கத்து மருத்துவமனை, மனநல மருத்துவர், சட்ட உதவி, குழந்தைகள் பாதுகாப்பு, போதை மறுவாழ்வு, அரசு நலத்திட்ட அலுவலகம். பெயரும் எண்ணும் மட்டும் போதாது. நேரில் போய், அங்கே என்ன தாள்கள் கேட்பார்கள், எந்த நாளில் ஆள் இருப்பார்கள் என்று எழுதிவர வேண்டும். ஐந்தாம் வாரம் சபையின் பதிவேடுகள். கடைசி மூன்று ஆண்டின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எண்ணுங்கள். அடக்கம் ஞானஸ்நானத்தைவிட இரண்டு மடங்கு என்றால், துக்கத்தில் இருப்போரோடு இருப்பதுதான் முதல் பாடமாக வேண்டும், இளைஞர் முகாம் அல்ல. ஆறாம் வாரம் இவையெல்லாம் ஒரே பக்கத்தில்.

அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் அடுத்த ஓராண்டுக் களவேலையை முடிவு செய்ய வேண்டும். வேறெங்கோ அச்சிட்ட பாடத்திட்டத்தை அப்படியே இறக்கினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் ஊழியர்தான் உருவாவார்.

வேதாகமப் படிப்பு எந்த ஆழம் வரை? கிரேக்கமும் எபிரேயமும் வேண்டுமா?

மூல மொழி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் ஒழுங்காக வாசிக்க முடியும். பகுதிநேரப் பயிற்சியில் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தில் இரண்டு மொழிகளைத் திணித்தால் எழுத்துக்களைத் தாண்டமாட்டார்கள். அந்த நேரத்தை வாசிக்கும் பழக்கத்துக்குக் கொடுங்கள்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். வாழ்த்து அட்டையிலும் சுவர்க் காலண்டரிலும் அடிக்கடி வரும் வசனம்: உங்களைப் பற்றி நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வாக்கு. தேர்வு எழுதப்போகிறவருக்கும் வேலை தேடுகிறவருக்கும் இதைச் சொல்லி அனுப்புவது வழக்கம். பயிற்சி ஊழியரிடம் மேலே பத்தாம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எழுபது ஆண்டு என்கிறது. அதாவது கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைக் கண்ணால் காணமாட்டார்கள். இன்னும் மேலே ஏழாம் வசனம்: சிறைப்பட்டுப் போன அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள். யாருக்கு எழுதிய கடிதம்? பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அவர்களிடம் வேறு யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே ஆண்டில் திரும்பிவிடலாம் என்றான். இத்தனையும் தெரிந்த பிறகு பதினோராம் வசனத்தை வாசித்தால் ஆறுதல் குறையாது. ஆனால் அடுத்த மாதமே வேலை கிடைத்துவிடும் என்ற பொய்யுறுதியைக் கொடுக்க வாய் வராது.

ஒவ்வொரு பகுதிக்கும் இந்த நான்கு கேள்வி போதும்: மேலும் கீழும் என்ன இருக்கிறது, யாருக்கு எழுதியது, அவர்கள் நிலை என்ன, அவர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும். பிறகுதான் 'நமக்கு'. இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு வாசிப்பதும் உதவும். வேறுபடுகிற இடத்தில் மூலத்தில் ஏதோ சிக்கல் இருக்கலாம்.

பிரசங்கப் பயிற்சி எப்படி?

பேச்சுத் திறமையை வளர்ப்பதைவிட நீளத்தைக் குறைப்பதுதான் கடினம். 15 நிமிடம் என்று கட்டுப்படுத்துங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 தமிழ்ச் சொல் வரும், அதாவது சுமார் 1350 சொல். முதல் ஆறு மாதம் முழுவதையும் எழுதிவர வேண்டும். எழுதினால்தான் எங்கே சுற்றுகிறோம் என்பது கண்ணில் படும்.

திங்கள், செவ்வாயில் வசனப் பகுதி. புதன்கிழமைக்குள் ஒரே வாக்கியத்தில் 'இந்தப் பிரசங்கம் சொல்வது இது' என்று எழுத வேண்டும். அது எழுத வராவிட்டால் சொல்ல வேண்டியது இன்னும் கிடைக்கவில்லை. வியாழன் எழுத்து, வெள்ளி உரக்க வாசித்தல், சனிக்கிழமை தொடவே கூடாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேற்பார்வையாளர் மூன்று பேரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்காமல், 'என்ன சொன்னார்?' என்று கேட்க வேண்டும். மூவர் பதிலையும் புதன்கிழமை எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மதிப்பெண் தனியாகத் தேவைப்படாது. ஒரு சிறு எச்சரிக்கை: சபையிலுள்ள ஒருவர் அடையாளம் தெரியும்படி உதாரணம் சொல்வதை முதல் நாளே தடை செய்துவிடுங்கள். பெயரை மாற்றினாலும் ஊருக்கே தெரியும்.

நோயாளிச் சந்திப்பும் ஆலோசனையும் வகுப்பில் கற்றுத்தரக் கூடியவையா?

ஓரளவுக்கு. இதற்குச் சிறந்த கருவி உரையாடல் பதிவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் 1925-இல் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பயிற்றத் தொடங்கினார். அவரே முன்பு மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர். புத்தகத்தை வாசிப்பதுபோல மனிதரையும் கவனமாக வாசிக்கப் பழக வேண்டும் என்பது அவர் வாதம். மருத்துவமனை சார்ந்த ஆயர்பணிப் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது. இன்று அதன் ஒரு அலகு குறைந்தது 400 மணி நேரம். உள்ளூர்ப் பயிற்சியில் அவ்வளவு முடியாது. ஆனால் அதன் முறையைக் கடன் வாங்கலாம்.

சந்திப்பு முடிந்த அன்றிரவே, நினைவிலிருந்து, பேசியதை நாடக வசனம்போல் எழுத வேண்டும். சந்திக்கும்போது குறிப்பெடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது. பெயர், வார்டு, ஊர் எதுவும் இருக்கக் கூடாது. ஒன்றரைப் பக்கம் போதும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

ஊழியர்: எப்படிம்மா இருக்கீங்க?
அம்மா: இருக்கேன் தம்பி. ராத்திரியிலதான் தூக்கமே வரல.
ஊழியர்: கவலைப்படாதீங்கம்மா. கர்த்தர் பார்த்துக்குவார்.
அம்மா: ஆமா தம்பி. (ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.)
ஊழியர்: ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபிக்கட்டுமா?
அம்மா: சரிப்பா.

எழுதிய பயிற்சி ஊழியர் பெரும்பாலும் 'நல்லபடியாக முடிந்தது' என்றுதான் சொல்வார். குழு இரண்டாம் வரியில் நிற்க வேண்டும். 'ராத்திரியிலதான்' என்று அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டார். மூன்றாம் வரி அதைச் சாத்திவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பியது அதற்கான பதில். 'ராத்திரியில என்னம்மா நினைப்பு வருது?' என்று கேட்டிருந்தால் மகனைப் பற்றியோ மரண பயத்தைப் பற்றியோ ஏதோ வந்திருக்கும். பிறகு அந்த ஜெபமும் அதைப் பற்றியதாக இருந்திருக்கும். அடுத்து குழு கேட்க வேண்டியது: 'ஏன் அவசரப்பட்டீர்கள்?' பதில் பெரும்பாலும் ஊழியரின் பயத்தில் இருக்கும்; என்ன சொல்லிவிடுவாரோ, நமக்குப் பதில் தெரியாதோ என்று. அந்தப் பயத்தைத் தொட்டுவிட்டால் ஒரு பதிவே பத்துப் பாடத்துக்குச் சமம்.

ஒரு பதிவுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். வாரம் ஒன்று என்றால் எட்டுப் பேர் குழுவில் ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து முறை வரும்.

மருத்துவமனை ஒழுங்கும் இதில் சேரும். செவிலியரிடம் கேட்டுவிட்டு உள்ளே போவது, கட்டிலில் உட்காராமை, பத்து நிமிடத்துக்குள் கிளம்புவது, அழைக்காத பக்கத்துக் கட்டிலுக்குப் போய் ஜெபிக்காமை.

எந்த இடத்தில் ஊழியர் நிறுத்திக்கொண்டு வேறொருவரிடம் அனுப்ப வேண்டும்?

தற்கொலை எண்ணம், மனநோய்க்கான அறிகுறி, போதைப் பழக்கத்தை நிறுத்தும்போது வரும் உடல்கோளாறு, குடும்ப வன்முறை ஆகிய நான்கிலும் ஊழியர் தனியாக நிற்கக் கூடாது. கூட இருக்கலாம், ஜெபிக்கலாம், மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம். வசனம் வாசித்தால் சரியாகும் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது.

தற்கொலை பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று. உண்மையில் 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பலருக்கு அது சுமையை இறக்கும் முதல் வாய்ப்பு. 'ஆமாம்' என்றால் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. குடும்பத்தில் ஒருவரையும் மருத்துவரையும் அப்போதே தொடர்புகொள்ள வேண்டும். கூட்டத்தில் இருவராக நடித்துப் பழகுங்கள். முதல் முறை அந்தக் கேள்வி யார் வாயிலிருந்தும் சுலபமாக வராது.

குடும்ப வன்முறையில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமரசம் பேசுவது பெரும் பிழை. அடிபட்டவர் அங்கே உண்மையைச் சொல்லமாட்டார், சொன்னால் வீடு திரும்பியதும் அடி விழும்.

இரகசியம் காப்பதற்கு எல்லை உண்டா?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதன முத்திரையை, அதாவது பாவ அறிக்கையில் கேட்டதை வெளியே சொல்லாத கடமையை, மீறவே முடியாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் விதி 983. அதற்கு வெளியே, ஆலோசனைப் பேச்சிலும் பிற சபைகளின் வழக்கத்திலும், எல்லை உண்டு. பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்: 'நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவி கேட்க வேண்டியிருக்கும்.' பாதியில் சொன்னால் துரோகம்போல் தெரியும்.

ஊழியர் வீட்டில், மனைவியிடமோ கணவரிடமோ சொல்வதும் வெளியே சொல்வதுதான். 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் வாட்ஸப்பில் போடுவது அதைவிட மோசம்.

பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு என்ன விதி?

எழுத்தில் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே வாசித்துக் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்கள் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. மூடிய அறையில் தனியாகச் சந்திப்பு இல்லை. பெற்றோருக்குத் தெரியாத தனிச் செய்தி இல்லை. ஒரு பிள்ளை ஏதேனும் சொன்னால் கேளுங்கள், குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், சொன்ன சொற்களையே அன்றைக்கே தேதியோடு எழுதிவையுங்கள், உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் அதிகாரியிடம் தெரிவியுங்கள். 'முதலில் கமிட்டியில் விசாரிப்போம்' என்ற பேச்சு எழும். எழாமல் இருந்ததில்லை. கமிட்டிக்கு விசாரிக்கத் தெரியாது. அவர்கள் விசாரிப்பதற்குள் சாட்சியம் கலைந்துவிடும், குற்றம் செய்தவர் எச்சரிக்கையாகிவிடுவார்.

அடக்க ஆராதனையை எப்படிப் பழக்குவது?

மூன்று முறை மூத்தவரோடு போய்ப் பார்க்கட்டும். நான்காவதில் ஒரு ஜெபமும் வேதவாசிப்பும், ஆறாவதில் ஐந்து நிமிடச் செய்தி. அதிகம் தவறுவது பெயரில்தான். இறந்தவரின் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் என எல்லாவற்றையும் தாளில் எழுதி, குடும்பத்தில் இருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டால், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத மகனின் பெயர் விட்டுப்போகும். அந்த மகன் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

பணத்தைப் பற்றிக் கற்றுத்தர வேண்டுமா? அது பொருளாளர் வேலைதானே?

ஊழியர்கள் கெட்டுப்போகும் வழிகளில் இது முக்கியமானது. பலர் திருட நினைத்துக் கெடுவதில்லை, கலந்துபோய்க் கெடுகிறார்கள். 'ஐயா, இதை ஏழைங்களுக்குக் கொடுத்துடுங்க' என்று கையில் கொடுத்த பணம் சட்டைப்பையில் சொந்தப் பணத்தோடு சேர்கிறது. ஒரு மாதம் கழித்துக் கணக்குக் கேட்டால் அவருக்கே தெரியாது.

காணிக்கையை ஆராதனை முடிந்தவுடன் உறவினரல்லாத இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊழியர் எண்ணக் கூடாது. உதவிப் பணம் சபைக் கணக்குக்குப் போக வேண்டும், சொந்தக் கணக்குக்கோ கைபேசிச் செயலிக்கோ வரக் கூடாது. அவசரத்துக்குச் சிறு தொகை ஊழியர் கையில் இருக்கலாம், அதற்கு உச்சவரம்பும் சீட்டும் உண்டு. கையில் கொடுத்தால் 'வாங்கிக்கொள்கிறேன், ரசீது தருகிறேன்' என்று சொல்லப் பழக்குங்கள்.

அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரிப்பில் விதவைகள் சிலர் விடுபட்டதாக முறுமுறுப்பு எழுந்தபோது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். குறை சொன்னவர்களை அடக்கவில்லை, ஏற்பாட்டை மாற்றினார்கள். கணக்குப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

பிற மதத்தினருக்கும் உதவலாமா? அப்போது சுவிசேஷம் சொல்வது?

உதவலாம், நிபந்தனை இல்லாமல். அரிசி வாங்க வந்தவரை ஜெபக் கூட்டத்தில் உட்காரவைப்பது உதவி அல்ல, பேரம். யாராவது நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லுங்கள். உதவி கொடுக்கும் இடத்தையும் வேளையையும் அதிலிருந்து பிரித்தே வையுங்கள். நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பயிற்சியிலேயே வாசிக்க வேண்டும்.

பெண்களைச் சேர்க்கலாமா?

குருப்பட்டம் யாருக்கு என்பதைச் சபைகள் வெவ்வேறாகத் தீர்மானிக்கின்றன. பயிற்சிக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. வீட்டுச் சந்திப்பிலும் துக்கத்திலும் பெரும்பகுதி வேலையை ஏற்கெனவே பெண்கள்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் பயிற்சியும் பயணச் செலவும் இல்லாமல்.

அதிகம் படிக்காதவர்களுக்கு எப்படி?

வாசிப்பைக் குறைத்துச் சொல்லிக்காட்டலைக் கூட்டுங்கள். ஒரு வேதப் பகுதியை மூன்று முறை கேட்டு, ஒருவர் சொந்தச் சொல்லில் சொல்ல, மற்றவர்கள் விட்டதைச் சேர்ப்பார்கள். தேர்வும் வாய்மொழியாகவே இருக்கலாம். எழுத வராதவர் யோசிக்க வராதவர் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பயிற்சிகள் நல்ல ஊழியர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன.

இணையவழி வகுப்பு போதுமா?

பாடத்துக்குப் போதும். உரையாடல் பதிவுக்கும் தனிச் சந்திப்புக்கும் நேரில்தான். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

மேற்பார்வையாளர் என்னதான் செய்ய வேண்டும்?

வாரம் அரை மணி, ஒரே நாள், ஒரே நேரம். கேள்விகள் மூன்று: 'இந்த வாரம் என்ன செய்தீர்கள்? எது உங்களைத் தொந்தரவு செய்தது? அடுத்த முறை எதை வேறு விதமாகச் செய்வீர்கள்?' அறிவுரை கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும். பழைய ஊழியர்களுக்கு இது கஷ்டம். கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே 'எங்கள் காலத்தில்...' வந்துவிடும்.

பயிற்சி ஊழியரின் சம்பளத்தையும் நியமனத்தையும் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது. தவறை ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? சிறிய சபையில் வேறு ஆள் இல்லையென்றால் பக்கத்துச் சபை ஊழியரோடு மாற்றிக்கொள்ளுங்கள்: அவர் உங்களவரைப் பார்க்கட்டும், நீங்கள் அவருடையவரைப் பாருங்கள். ஒருவருக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

தேர்ச்சியை எப்படி முடிவு செய்வது?

எழுத்துத் தேர்வு கால் பங்கு. மீதி: ஐந்து உரையாடல் பதிவுகள், கேட்டவர்கள் கருத்தோடு நான்கு பிரசங்கங்கள், ஓராண்டுக் களவேலைக் குறிப்பேடு, சபைக்கு வெளியே இருக்கும் இருவரின் கருத்து. பதிவுகளைப் பார்க்கும்போது ஐந்தாவதை முதலாவதோடு ஒப்பிடுங்கள். ஐந்திலும் அதே அவசரம் இருந்தால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பாமல் ஆறு மாதம் நீட்டுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று சான்றிதழ் கொடுத்தால், சரிசெய்யும் வேலை சபை மக்களின் தலையில் விழும்.

பயிற்சி முடிந்து பொறுப்பேற்ற பிறகு?

முதல் மூன்று ஆண்டு மாதம் ஒருமுறை அதே குழு கூடட்டும், ஒரு பதிவோடு. முதல் ஆறு மாதம் ஆராதனை நேரத்தையோ இருக்கை வரிசையையோ மாற்ற வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு, அன்று அவசர அழைப்பை யார் எடுப்பார் என்ற பெயரோடு, சபை அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். பெயர் போடாத ஓய்வுநாளில் கைபேசி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.